கறிக்கோழியும் கோடை வெயிலும்: புதிதாகப் பண்ணை தொடங்கியவருக்கு

பங்குனி பிறந்ததும் பல்லடம், உடுமலை, நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் ஒரே பேச்சுதான்: இந்த பேட்ச், அதாவது ஒன்றாக இறக்கி ஒன்றாக வளர்க்கும் கோழிக் கூட்டம், வெயிலுக்கு முன்னால் போய்விடுமா, வெயிலில் மாட்டிக்கொள்ளுமா? பழைய ஆட்களுக்கு இது ஆண்டுதோறும் வந்து போகிற கவலை. கொட்டகை போட்டு, ஒப்பந்தம் எழுதி, மார்கழி தை மாதங்களில் ஒன்றிரண்டு பேட்ச் நன்றாக எடுத்துவிட்ட புதியவருக்கு முதல் கோடைதான் உண்மையான பரீட்சை. 38ஆவது நாள், இரண்டு கிலோ எடை, நாளை மறுநாள் லாரி வரப்போகிறது என்ற நிலையில், பிற்பகல் மூன்று மணிக்கு இந்த மூலையில் பத்து, அந்த மூலையில் இருபது என்று கோழிகள் சாய்ந்து கிடக்கும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது என்றால் என்னவென்று அன்றைக்குப் புரியும்.

இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரப்போவது ஒரே விஷயம்தான். மூன்று மணிக்குச் சாகிற கோழியின் கதி அன்று காலை ஒன்பது மணிக்குள் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. உச்சி வெயிலில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மிச்சமுள்ள கோழிகளில் சிலதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

முதலில் கோழியின் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் இயல்பான உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே இருக்கும். 45 டிகிரியைத் தாண்டினால் பிழைப்பது அரிது. இந்த நான்கு டிகிரி இடைவெளிக்குள்தான் நம் வேலை முழுவதும் நடக்கிறது.

கறிக்கோழிக்கு இதில் கூடுதல் சங்கடம். 40 கிராம் எடையில் வந்த குஞ்சு ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்ட இனம் அது. அந்த வேகத்தில் தின்பதும் செரிப்பதும் சதை வைப்பதும் உடம்புக்குள் ஓயாமல் எரிகிற அடுப்பு மாதிரி. வெளியில் 22 டிகிரி இருக்கும்போது அந்தச் சூடு சிரமமில்லாமல் காற்றில் போய்விடும். வெளியில் 35 ஆகிவிட்டால் போக வழி இல்லை. தெருவில் மேய்கிற நாட்டுக்கோழி வேப்பமர நிழலில் மண்ணைக் கிளறிப் படுத்துக்கொண்டு சமாளித்துவிடும். கொட்டகைக்குள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற பிராய்லருக்கு அந்தத் தப்பிக்கும் வழியும் இல்லை.

அதனால்தான் வாயைத் திறந்து மூச்சிரைக்கிறது. நிமிடத்துக்கு 25 முறை விட்டுக்கொண்டிருந்த மூச்சு 150க்கு மேல் போகும். மூச்சோடு வெளியேறும் ஈரம் ஆவியாகி உடம்பைக் குளிர வைக்கிறது. ஆனால் இந்த வேகத்தில் மூச்சு விடும்போது இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயுவும் அளவுக்கு மீறி வெளியேறிவிடும். இரத்தத்தின் கார அமிலச் சமன் குலைகிறது. பொட்டாசியம் போன்ற உப்புகள் சிறுநீரோடு கழிந்துபோகின்றன. மூச்சிரைப்பதற்கும் சதை வேலை செய்தாக வேண்டும். அந்த வேலையும் சூட்டை உண்டாக்கும். அதாவது, ஓர் எல்லைக்கு மேல் கோழியின் தற்காப்பே அதற்கு எதிரியாகிவிடுகிறது.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், கீழே வரும் ஒவ்வொரு வேலையும் மூன்று காரியங்களில் ஒன்றைத்தான் செய்கிறது: வெளிச்சூடு உள்ளே வராமல் தடுப்பது, உள்ளே உண்டாகும் சூட்டைக் குறைப்பது, உண்டான சூடு வெளியே போக வழி விடுவது. யாராவது புதிதாக ஒரு மருந்தோ கருவியோ விற்க வந்தால், இந்த மூன்றில் அது எதைச் செய்கிறது என்று கேளுங்கள். பாதிப் பேர் விழிப்பார்கள்.

வெப்பமானி மட்டும் போதாது, ஈரப்பதமும் பாருங்கள்

சில நூறு ரூபாய்க்கு வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சின்னக் கருவி கிடைக்கிறது. இரண்டு வாங்குங்கள். ஒன்றைக் கொட்டகை நடுவில், இன்னொன்றைக் காற்று வெளியேறும் கோடியில், கோழியின் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். உங்கள் கண் உயரத்தில் மாட்டி வைப்பதில் பயனில்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் வீசும் காற்று வேறு, கோழி உட்கார்ந்திருக்கும் தரையில் தேங்கியிருக்கும் காற்று வேறு.

ஈரப்பதம் ஏன் முக்கியம்? மூச்சில் வரும் ஈரம் ஆவியானால்தான் குளிர்ச்சி. சுற்றியுள்ள காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாகாது. பண்ணைகளில் ஓர் எளிய கணக்குப் போடுவார்கள். வெப்பத்தைப் பாரன்ஹீட்டில் எடுத்துக்கொண்டு, அதோடு ஈரப்பத விழுக்காட்டைக் கூட்டுங்கள். 160ஐ எட்டினால் ஆபத்து தொடங்கிவிட்டது என்று பொருள். கரூர் பரமத்தியில் 40 டிகிரி செல்சியஸ், அதாவது 104 பாரன்ஹீட், ஈரப்பதம் 25 என்றால் கூட்டுத்தொகை 129. கடலூர்ப் பக்கம் 36 டிகிரிதான், 97 பாரன்ஹீட், ஆனால் ஈரப்பதம் 70 என்றால் 167. குறைந்த வெயிலில் அதிகக் கோழி சாவதன் சூட்சுமம் இங்கே இருக்கிறது. அதற்காக வறண்ட 40 டிகிரியில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே தண்ணீரும் காற்றும் தந்து சமாளிக்க வழி இருக்கிறது, அவ்வளவே.

கொங்கு நாட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சித்திரையில் ஒரு மாலை இடி இடித்துக் கோடை மழை கொட்டும். ஊரே குளிர்ந்துவிட்டதென்று மகிழும். மறுநாள் காலை பளிச்சென்று வெயில் அடித்து, நனைந்த மண்ணிலிருந்து ஆவி கிளம்பி, காற்றும் அசையாமல் புழுங்கும். அந்த நாள்தான் மோசமான நாள். அதேபோல் திடீரென்று வெயில் ஏறும் முதல் சில நாட்களும் ஆபத்தானவை. மூன்று நான்கு நாள் தொடர்ந்து வெயில் பட்டால் கோழி உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். பழகுவதற்குள் வருவதுதான் இழப்பு. வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கிவிட்டால் பல்லடம், உடுமலை வட்டாரம் மூச்சு விடும். அதற்கு முந்தைய பத்து வாரமே நம் கவலை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து கோழிப் பண்ணையாளர்களுக்கான வானிலை ஆலோசனை வருகிறது, நாளிதழ்களிலும் வெளியாகும். அடுத்த சில நாட்களின் வெப்பம், காற்று, ஈரப்பதம் எல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு மறந்துவிடாமல், கோழிக்கு முன்னாலிருந்து தீவனத்தை எடுத்துவிடும் நேரத்தை அதற்கேற்ப மாற்றுங்கள்.

கொட்டகையும் கூரையும்

இன்னும் கொட்டகை போடாதவர் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். நீள வாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை மாலை வெயில் குறுகிய பக்கத்தில்தான் விழும். திறந்தவெளிக் கொட்டகையின் அகலம் 30 அடியைத் தாண்ட வேண்டாம்; தாண்டினால் குறுக்கே காற்று ஓடாது. பக்கச் சுவர் ஓர் அடி அல்லது ஒன்றரை அடி, அதற்கு மேல் கம்பிவலை. கூரை பக்கச் சுவரைத் தாண்டி மூன்று நான்கு அடி வெளியே நீண்டிருக்கட்டும். இரண்டாவது கொட்டகை போடுவதாக இருந்தால் 50 அடியாவது தள்ளிப் போடுங்கள். இடம் மிச்சம் என்று பக்கத்திலேயே ஒட்டிப் போட்டால் முதல் கொட்டகையின் சூடான காற்றைத்தான் இரண்டாவது குடிக்கும்.

ஏற்கெனவே கொட்டகை இருப்பவர் கூரையில் கை வையுங்கள். மாசி முடிவதற்குள் மேலே ஏறித் தூசியைக் கூட்டிவிட்டு, பசை கலந்த சுண்ணாம்பை இரண்டு பூச்சு அடியுங்கள். சிமென்ட் தகடோ தகரமோ, வெள்ளை அடித்த கூரைக்கும் அடிக்காத கூரைக்கும் உள்ள வேறுபாட்டை மதியம் உள்ளே நுழைந்த நொடியே உச்சந்தலை சொல்லிவிடும். தென்னங்கீற்று கிடைக்கும் ஊரில் கூரைமேல் கீற்று பரப்பி, பறக்காமல் கட்டிவிடுவது இன்னும் நல்லது. தீப்பிடிக்கும் அபாயத்தை மட்டும் மறக்க வேண்டாம், மின்கம்பி தாழ்வாகப் போகும் இடத்தில் கீற்று கூடாது. தண்ணீர் வசதி உள்ளவர்கள் முகட்டில் தெளிப்பான் குழாய் ஓட்டலாம். காலை பத்தரைக்கே, கூரை சூடேறுவதற்கு முன் அதைத் திறக்க வேண்டும்.

பக்கத் திரைகள் விஷயத்தில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மேற்கு வெயில் உள்ளே விழுகிறதென்று முழுப் பக்கத்தையும் மூடிவிடுகிறார்கள். வெயில் நிற்கும், காற்றும் நின்றுவிடும். வெயில் படும் பக்கத்தில் சாக்குப் படுதாவையோ நிழல்வலையையோ கொட்டகையை ஒட்டாமல், கூரை விளிம்பிலிருந்து சரிவாக வெளியே இழுத்துக் கட்டுங்கள். நிழலும் கிடைக்கும், அடியில் காற்றும் ஓடும். சாக்கை நனைத்துவிடுவது வறண்ட ஊருக்குச் சரி. புழுக்கமான ஊரில் அது காற்றின் ஈரத்தைத்தான் கூட்டும். இரவில் எல்லாத் திரையையும் முழுதாகத் திறந்துவிடுங்கள். பகலில் சேர்ந்த சூட்டைக் கோழி இறக்கி வைப்பது இரவில்தான்.

நெருக்கடியைக் குறையுங்கள்

கோழிக்கு ஒரு சதுர அடி என்பது திறந்தவெளிக் கொட்டகையின் பொதுக் கணக்கு. கோடையில் அது பற்றாது. ஒன்றேகால் சதுர அடியாவது கொடுங்கள். 5,000 சதுர அடிக் கொட்டகையில் 5,000க்குப் பதில் 4,000 குஞ்சுதான் இறக்க வேண்டும் என்றால் எல்லாருக்கும் கசக்கிறது. குஞ்சும் தீவனமும் தருகிற ஒப்பந்த நிறுவனத்தின் சூப்பர்வைசர் முழு எண்ணிக்கையை இறக்கச் சொல்வார். வளர்ப்புக் கூலி கிலோவுக்குத்தான், அதனால் எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும் என்று மனமும் சொல்லும். ஆனால் ஐந்தாவது வாரத்தில் சாகிற ஒவ்வொரு கோழியும் மூன்று கிலோ அளவுக்குத் தீவனம் தின்றுவிட்டுத்தான் சாகிறது. அந்தத் தீவனம் உங்கள் தீவன மாற்று விகிதத்தில் (ஒரு கிலோ எடைக்குச் செலவான தீவனம்) ஏறி, பிழைத்த கோழிகளின் கூலியையும் சேர்த்து இழுக்கும். கசந்தாலும் குறைவாக இறக்குவதே கணக்குக்குச் சரி.

தரையில் பரப்பும் கூளம் மெல்லியதாக இருக்கட்டும். குளிர்காலத்தில் மூன்று நான்கு அங்குலம் போட்ட தென்னை நார்க் கழிவோ உமியோ கோடைக்கு இரண்டு அங்குலம் போதும். தடித்த கூளம் அடியில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோழி ஏன் கூளத்தைக் கிளறித் தரையில் வயிற்றை ஒட்டிப் படுக்கிறது என்று கவனித்தால் அதுவே பாடம்.

தண்ணீர்: முழு கவனமும் இங்கே

ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சாதாரண நாளில் கோழி தின்ற தீவனத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். கடும் வெயிலில் அது நான்கு மடங்கு வரை போகும். ஐந்தாவது வாரத்தில் 1,000 கோழிக்கு 300 லிட்டர் போதும் என்றிருந்த இடத்தில் 500, 600 லிட்டர் வேண்டும். உங்கள் தொட்டி அவ்வளவு கொள்ளுமா? மின்சாரம் ஆறு மணி நேரம் இல்லாவிட்டால் தாங்குமா? இதை மாசியிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அளவைவிட முக்கியம் தண்ணீரின் குளிர்ச்சி. கோழி வெந்நீர் குடிக்காது. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினாலே குடிப்பது குறையும். தாகம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் குடிப்பதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மதியம் இரண்டு மணிக்குத் தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். குழாய் வரிசையின் கடைசிக் கோடிக்குப் போய், அங்கிருக்கும் கடைசி நிப்பிளை (கோழி அலகால் தட்டினால் தண்ணீர் சொட்டும் முனை) விரலால் அழுத்தி, உள்ளங்கையில் விழுகிற சொட்டைப் பாருங்கள். உங்கள் கைக்கே இளஞ்சூடாக இருந்தால் அந்தக் கோடியில் இருக்கும் கோழிகள் காலை பதினொன்றிலிருந்தே சரியாகக் குடிக்கவில்லை என்று பொருள். முதலில் சாகிறவையும் அவைதான்.

சரிசெய்வது கடினமில்லை. மொட்டை வெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டிக்கு மேல் கீற்றுப் பந்தல் போடுங்கள், வெள்ளை அடியுங்கள், ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். தொட்டியிலிருந்து கொட்டகைக்கு வரும் குழாயை ஓர் அடி ஆழத்தில் மண்ணுக்குள் புதையுங்கள். வெயிலில் பத்து அடி தூரம் கிடக்கும் குழாய் போதும், நீங்கள் தொட்டியில் செய்த வேலை அத்தனையும் வீண். பதினொன்று முதல் நான்கு மணி வரை மணிக்கு ஒருமுறை வரிசையின் கடைசி வால்வைத் திறந்து, குழாயில் தேங்கிய சூட்டுத் தண்ணீரை வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீர் கூளத்தில் விழாமல் வெளியே போக ஒரு குழாய் மாட்டிவிட்டால் மரத்துக்குப் பாயும்.

நிப்பிள் ஒன்றுக்குப் பத்துக் கோழி என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் படிந்து அடைத்துக்கொண்ட நிப்பிள்களைப் பேட்ச் இறங்குவதற்கு முன்பே கண்டுபிடித்து மாற்றுங்கள்; கொங்கு நாட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு இது தப்பாத வேலை. கடைசி இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகச் சில மணிவடிவத் தண்ணீர்த் தொட்டிகளையும் தொங்கவிடலாம். வெயிலில் கோழிக்குக் கொண்டையையும் தாடையையும் நனைத்துக்கொள்ள வேண்டும். நிப்பிளில் அது முடியாது.

தீவனத்தை நேரம் பார்த்து எடுங்கள்

தின்ற தீவனம் செரிக்கும்போது உண்டாகும் சூடு உடனே வருவதில்லை. தின்ற நான்கு முதல் ஆறு மணி நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். காலை பத்தரைக்கு வயிறாரத் தின்ற கோழிக்கு உள்சூடு மூன்று மணிக்கு உச்சம். வெளிச்சூடும் மூன்று மணிக்கு உச்சம். இரண்டும் சந்திக்கும் நேரத்தில் கோழி சாய்கிறது. இறந்த கோழியின் இரைப்பையைத் தொட்டுப் பார்த்தால் தீவனம் நிறைந்து கெட்டியாக இருப்பதை அடிக்கடி காணலாம்.

ஆகவே நான்காவது வாரத்திலிருந்து, வெயில் கடுமையாக இருக்கும் நாட்களில், காலை ஒன்பது மணிக்குத் தீவனத் தட்டுகளை மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள். மாலை ஐந்தரைக்கு மேல், கொட்டகையின் சூடு இறங்கத் தொடங்கியதைக் கருவியில் பார்த்துவிட்டு, இறக்குங்கள். மதியம் ஒரு மணிக்குக் கோழி இரைப்பதைப் பார்த்துப் பதறிப்போய்த் தட்டைத் தூக்குவதில் பயன் மிகக் குறைவு. உள்ளே போனது போனதுதான்.

இறக்கும்போது எல்லாத் தட்டையும் ஒரே நேரத்தில் நிரப்பி ஒன்றாக இறக்க வேண்டும். முன்வரிசையை மட்டும் முதலில் இறக்கினால் பசித்த கூட்டம் அங்கே மொய்த்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சூட்டில் தப்பியது நெரிசலில் போகும். இரவு முழுவதும் விளக்கு எரியட்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தட்டுகளை அசைத்துவிடுங்கள். அந்த நேரத்துத் தீவனம்தான் பகலில் விட்டதை ஈடுகட்டும். முழுதாக ஈடுகட்டிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோடை பேட்ச் ஓரிரு நாள் தாமதமாகத்தான் எடைக்கு வரும். அதை ஏற்றுக்கொண்டுதான் இந்தத் தொழில்.

தீவனத்தின் கலவை ஒப்பந்தப் பண்ணையாளர் கையில் இல்லை. சொந்தமாக வளர்ப்பவர்கள் மாவுச்சத்தின் ஒரு பகுதியை எண்ணெயாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். கொழுப்பு செரிக்கும்போது வரும் சூடு குறைவு. நைகார்பசின் என்ற இரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து தீவனத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெயில் காலத்தில் அது கோழியின் வெப்பம் தாங்கும் திறனைக் குறைத்துச் சாவைக் கூட்டும்.

விசிறியும் ஃபாகரும்

காற்று கோழியின் உயரத்தில் ஓட வேண்டும். கூரைக்கு அடியில் சுழலும் விசிறி நமக்குச் சுகம், கோழிக்கு இல்லை. கொட்டகையின் நீள வாக்கில், எல்லா விசிறியும் ஒரே திசையைப் பார்த்து, சற்றே தரையை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். காற்றே 40 டிகிரியை நெருங்கிவிட்டால் விசிறி மட்டும் உதவாது. அங்கே தண்ணீரைப் பனிபோல் தூவும் ஃபாகரின் நீர்த்துளி வேண்டும்.

ஃபாகரை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, பத்து நிமிடம் நிறுத்துங்கள். நிறுத்தியிருக்கும் நேரத்தில் விசிறி ஓடட்டும். கூளம் நனைந்தால் அம்மோனியா கிளம்பும், கண் எரியும், அடுத்த வாரம் நோய் வரும். ஈரப்பதம் 70ஐத் தாண்டிவிட்டால் ஃபாகரைத் தொடாதீர்கள், விசிறியை மட்டும் முழு வேகத்தில் விடுங்கள். கடற்கரை மாவட்டத்துக்காரர்கள் ஃபாகருக்குச் செலவழிப்பதைவிட இன்னும் நான்கு விசிறி வாங்குவது மேல். எல்லாம் மின்சாரத்தில் ஓடுகிறது என்பதால் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்பதைத் தினமும் காலையில் பார்த்துவிடுங்கள்.

மருந்துகள்

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் விரிவாகச் சொல்வார்கள். எலக்ட்ரோலைட் உப்புக் கலவை பயன் தரும். காலை பத்து முதல் மாலை நான்கு வரை தண்ணீரில் கொடுங்கள், இரவில் வெறும் தண்ணீர். வைட்டமின் சி கோழி உடம்பிலேயே உண்டாகும், ஆனால் கடும் வெயிலில் அது பற்றாமல் போகும். தீவனத்தில் கிலோவுக்கு 200 முதல் 250 மில்லிகிராம் வழக்கமான அளவு. குளோரின் கலந்த தண்ணீரில் வைட்டமின் சி போட்டால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும், சேர்க்காதீர்கள். மோர், வெல்லம் கலந்து நிப்பிள் குழாயில் விட்டால் உள்ளே பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும். தடுப்பூசி இருந்தால் விடியற்காலையில் முடித்துவிடுங்கள். இவை எல்லாம் சேர்ந்தும் ஒரு குளிர்ந்த நிப்பிள் வரிசைக்கு ஈடாகாது.

கோடையில் குஞ்சு இறக்குவது

பெரிய கோழிக்கு எமனாக இருக்கும் வெயில் குஞ்சுக்கு நண்பன். முதல் வாரக் குஞ்சுக்கு 32, 33 டிகிரி வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்க வேண்டும். ஆனால் சித்திரை மதியம் 38 டிகிரி இருக்கும்போது, புத்தகத்தில் படித்தபடி திரையை மூடி, சூடு தரும் விளக்கும் போட்டால் குஞ்சு நீர் வற்றிச் சுருண்டுவிடும். பகலில் விளக்கு வேண்டாம், இரவில் மட்டும். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர், தடுப்பின் ஓரத்தில் ஒண்டினால் சூடு, பரவலாக ஓடித் திரிந்தால் சரி. வண்டி அதிகாலையில் வந்து சேரும்படி கேளுங்கள். இறக்கியதும் முதலில் தண்ணீர், சில மணி நேரம் கழித்தே தீவனம்.

பிற்பகல் சுற்று

பன்னிரண்டு முதல் ஐந்து வரை பண்ணையில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்துவிட்டு வரும் பழக்கத்தைக் கோடையில் விட்டுவிடுங்கள்.

சிறகை உடம்பிலிருந்து விலக்கி நிற்பது முதல் அறிகுறி. அடுத்து வாய் திறந்த மூச்சு. பிறகு நிற்பதை விட்டு உட்கார்ந்துவிடும். கழுத்தை நீட்டித் தரையில் வைத்து, கண் பாதி மூடி, தொட்டாலும் எழாமல் இருந்தால் அந்தக் கோழி விளிம்பில் இருக்கிறது. உட்கார்ந்தே இருக்கும் கோழியின் வயிற்றடியில் சூடு தேங்கும். எனவே ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, மிக மெதுவாக, கால்களைத் தரையோடு நகர்த்தியபடி கூட்டத்துக்குள் நடந்து அவற்றை எழுப்பிவிடுங்கள். எழுந்தால் சூடு வெளியேறும். எழுந்த கோழி தண்ணீருக்கும் போகும். கைதட்டுவதோ விரட்டுவதோ கூடாது. அந்த நேரத்தில் பத்தடி ஓடினாலே கோழி விழுந்து இறக்கும். நாயும் விருந்தாளியும் கொட்டகைப் பக்கம் வர வேண்டாம்.

விளிம்பில் இருக்கும் கோழியைத் தூக்கி நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்து, தலையும் காலும் நனையும்படி தண்ணீர் விடுங்கள். கூட்டமே தவிக்கிறதென்றால் கைத்தெளிப்பானால் கோழிகள் மீதே நேரடியாகத் தண்ணீர் தெளித்து, விசிறியை அவற்றின் மீது திருப்பிவிடுங்கள். கூளம் நனையுமே என்று அந்த நேரத்தில் பார்க்க வேண்டாம். மாலையில் நனைந்ததை அள்ளிவிட்டு உலர்ந்ததைப் போட்டுக்கொள்ளலாம். காற்று அசையாத இடத்தில் தண்ணீர் மட்டும் தெளித்தால் புழுக்கம் கூடிக் கேடாக முடியும்.

இறந்ததைப் பார்த்துப் புரிந்துகொள்வது

எல்லாச் சாவையும் வெயில் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வெயிலில் சாவது பிற்பகல் இரண்டு முதல் இரவு எட்டுக்குள் ஒரு கொத்தாக வரும். பெரிய, கொழுத்த கோழிகளே முதலில் போகும். மறுநாள் காலை கணக்கு ஏறக்குறைய சுழியமாக இருக்கும். அறுத்துப் பார்த்தால் மார்புச் சதை வேகவைத்ததுபோல் வெளிறியிருக்கும். சின்னதும் பெரியதுமாக, இரவும் பகலும் பரவலாகச் சாகிறது, பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் இருக்கிறது என்றால் அது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் இரண்டு மூன்று கோழியைக் கொண்டுபோய்ப் பரிசோதித்துவிடுங்கள். வெயிலில் இறந்தது மிக விரைவில் அழுகும், தாமதித்தால் மருத்துவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மற்றவற்றை அன்றே குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஓடையில் வீசுகிறவர்கள் அடுத்த பேட்சுக்கு நோயை விதைக்கிறார்கள்.

லாரி வரும் நாள்

கோழி பிடிப்பதை இரவிலோ விடியற்காலையிலோ வைத்துக்கொள்ளச் சொல்லி வாதாடுங்கள். பிடிக்கும் நேரத்துப் பதற்றமே உடல் சூட்டை ஏற்றும். பெட்டிக்கு ஒன்றிரண்டு கோழியைக் குறைத்தே அடைக்க வேண்டும். லாரியில் பெட்டிகளுக்கு நடுவே காற்றுப் போக ஓர் இடைவெளி விட்டு அடுக்கட்டும். வண்டி ஓடும்வரை காற்று அடிக்கும், நின்றால் நடுவில் இருக்கும் பெட்டிகள் வேகும். எனவே எடை போட்டு ரசீது எழுதுவதை முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொண்டு, ஏற்றி முடித்த வண்டி உங்கள் வாசலில் வெயிலில் நிற்காமல் கிளம்புகிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் தேநீர் குடிக்க நிறுத்துவதாக இருந்தால் மரத்தடியில் நிறுத்தச் சொல்லுங்கள். கிளம்பும் முன் வறண்ட நாளாக இருந்தால் பெட்டிகளின் மேல் ஒருமுறை தண்ணீர் அடித்துவிடுங்கள்.